காற்றில் சாய்ந்ததா, பிறவிச் சாய்வா? கேலக்ஸிகளின் வடிவத்தை எவ்வளவு நம்பலாம்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன எபிசோடில் ஈர்ப்பு வில்லை பற்றிப் பேசினோம். நிறை இருக்கிற இடத்தைக் கடந்து வரும் ஒளி வளையும், 1919 சூரிய கிரகணத்தின்போது எடிங்டன் குழு அந்த வளைவை அளந்தது, அதே வளைவு பெரிய அளவில் நடந்தால் தூரத்துக் கேலக்ஸியின் உருவமே இழுபட்டுத் தெரியும், இதெல்லாம் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு ஒரு நண்பர் கேள்வி அனுப்பியிருந்தார். "ஒரு கேலக்ஸி நீள்வட்டமா தெரியுது. ஒளி வளைஞ்சதால அப்படித் தெரியுதா, இல்ல அதோட வடிவமே அதுதானா? இதை எப்படிப் பிரிப்பாங்க?"

ஒரே வரியில் பதில் சொல்வதானால், ஒரு கேலக்ஸியை மட்டும் பார்த்துப் பிரிக்கவே முடியாது. நீளமான பதில்தான் இன்றைய எபிசோட். ஆனால் இந்தக் கேள்வியை நான் முதன்முதலில் கேட்டது வானியல் வகுப்பில் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலம் பக்கத்தில், எங்கள் பெரியப்பாவின் தென்னந்தோப்பில்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிக்காரர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த ராத்திரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்காக ஒன்று மட்டும். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும். அப்பா நட்டு மகன் பறிக்கிற மரம். அது ஒரே ராத்திரியில் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தது.

மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். எங்கள் தோப்புக்கு வந்தவர் சின்ன வயசுக்காரர், நாள் முழுக்க நடந்து நடந்து முகம் வாடியிருந்தது. விழுந்து கிடந்த மரங்களை எண்ணுவதில் சிக்கல் இல்லை. குளத்தங்கரையோரம் நின்ற ஏழெட்டு மரங்களில்தான் சிக்கல். அவை விழவில்லை, சாய்ந்து நின்றன. அவர் கேட்டார்: "ஐயா, இது புயல்ல சாஞ்சதா, இல்ல முன்னாடியே இப்படித்தான் நின்னுச்சா?"

பெரியப்பா பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "தம்பி, கொளத்தோரத்து மரம் பொறந்ததுலேர்ந்தே தண்ணியப் பாத்துத்தான் நிக்கும். ஆனா எல்லாம் அப்படியில்ல. இதுல ரெண்டு மூணு காத்துல அசைஞ்சதுதான்." எது அந்த ரெண்டு மூணு? அதற்குத்தான் அன்றைக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால் வானியலாளர்களும் ஏறக்குறைய அதே வழிக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

இப்போது வானத்துக்குப் போவோம்.

பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் பெரும்பகுதி கரும்பொருள். கண்ணுக்குத் தெரியாது, ஒளி விடாது. ஆனால் அதற்கு நிறை உண்டு, நிறை இருந்தால் ஒளியை வளைக்கும். அதனால் தூரத்துக் கேலக்ஸிகளின் வடிவம் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அளந்தால், நடுவில் எங்கே எவ்வளவு கரும்பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். காற்றைப் பார்க்க முடியாது, மரம் சாய்ந்திருப்பதைப் பார்த்துக் காற்றை அளக்கிற மாதிரி. இந்த மெல்லிய இழுப்பைத்தான் வீக் லென்ஸிங் என்கிறார்கள். நாம் மென் வில்லை விளைவு என்று சொல்லிக்கொள்வோம்.

எவ்வளவு மெல்லியது? சுமார் ஒரு சதவிகிதம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தை வரைந்துகொள்ளுங்கள். இந்த விளைவு அதை ஒரு பக்கம் 101, மறுபக்கம் 99 என்று ஆக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கேலக்ஸிகள் இயல்பாகவே வட்டமாக இருப்பதில்லை. அதே அளவில் சொன்னால் 130-க்கு 70 என்கிற அளவுக்கு நீண்டிருப்பது சாதாரணம். அதாவது நாம் தேடுகிற விளைவைவிட கேலக்ஸியின் சொந்த நீட்சி முப்பது மடங்கு பெரியது. புயலே வராத ஊரில் தென்னை எல்லாம் கன்னாபின்னாவென்று சாய்ந்து நிற்கிறது, அதில் ஒரு சின்னத் தென்றல் அடித்ததா என்று கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? அப்படி.

வழி என்ன? சராசரி. கேலக்ஸிகள் எந்தத் திசையில் வேண்டுமானாலும் நீண்டிருக்கும். ஒன்று வடக்கு-தெற்கு, இன்னொன்று கிழக்கு-மேற்கு. நிறையச் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சொந்த நீட்சிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 100 கேலக்ஸிகளைச் சேர்த்தால் அந்த 30 என்கிற இரைச்சல் 3 ஆகக் குறையும். 10,000 சேர்த்தால் 0.3. அப்போது 1 என்கிற சமிக்ஞை தலையைத் தூக்கும். பரந்த வானத்தில் இதையே ஜோடி ஜோடியாகச் செய்வார்கள். பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு கேலக்ஸிகளின் ஒளி ஏறக்குறைய ஒரே கரும்பொருள் வழியாக வந்திருக்கும், அதனால் இரண்டும் ஒரே பக்கம் கொஞ்சம் இழுபட்டிருக்க வேண்டும். கோடிக்கணக்கான ஜோடிகளில் அந்தக் கொஞ்சத்தைத் தேடுவார்கள்.

2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நான்கு குழுக்கள், ஒன்றுக்கொன்று தனித்தனியாக, இதை வானத்தில் பார்த்துவிட்டோம் என்று அறிவித்தன. ஒரே மாதத்தில் நான்கு! பெரிய சந்தோஷம்.

இந்தக் கணக்கு முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது, கவனித்தீர்களா? "கேலக்ஸிகளின் சொந்த நீட்சிக்குத் திசை கிடையாது, எப்படி வேண்டுமானாலும் இருக்கும்" என்பதுதான் அது. அது பொய்யானால்?

அதே 2000-ஆம் ஆண்டிலேயே அந்தச் சந்தேகமும் வந்துவிட்டது. ஆலன் ஹெவன்ஸ், அலெக்ஸாண்டர் ரெஃப்ரெஜியர், கேத்தரின் ஹேமன்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ரூபர்ட் கிராஃப்ட், கிறிஸ்டோபர் மெட்ஸ்லர் இருவரும் இன்னொன்று. பக்கத்துப் பக்கத்தில் பிறந்த கேலக்ஸிகள் பிறப்பிலேயே ஒரே திசையைப் பார்த்து நீண்டிருக்கலாம், அதை நாம் வில்லை விளைவு என்று தவறாக எண்ணிவிடலாம் என்றார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ரெஃப்ரெஜியர் மார்ச்சில் அறிவித்த நான்கு குழுக்களில் ஒன்றிலும் இருந்தவர். அறிவிப்பிலும் அவர் பெயர், சந்தேகத்திலும் அவர் பெயர்.

ஆங்கிலத்தில் இதை இன்ட்ரின்சிக் அலைன்மென்ட் என்கிறார்கள். தமிழில் உள்ளார்ந்த ஒழுங்கமைவு என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பெரியப்பாவின் தோப்பை மனதில் வைத்து நான் "பிறவிச் சாய்வு" என்று சொல்கிறேன்.

கேலக்ஸி ஏன் பிறவியிலேயே சாய வேண்டும்? கடல் ஓதத்தை நினைத்துப் பாருங்க. நிலவுக்கு அருகில் இருக்கும் பக்கத்தை நிலவு கொஞ்சம் அதிகமாக இழுக்கிறது, தூரத்துப் பக்கத்தைக் கொஞ்சம் குறைவாக. அதனால் கடல் நிலவை நோக்கிய கோட்டில் நீள்கிறது. கேலக்ஸிகளுக்கும் அதேதான், அளவு மட்டும்தான் வேறு. கரும்பொருள் இழை இழையாக, சிலந்தி வலை மாதிரிப் பரவியிருக்கிறது. வலையின் முடிச்சுகளில் நிறை குவிந்திருக்கிறது. பக்கத்தில் உருவாகும் கேலக்ஸியை அந்த முடிச்சு தன் பக்கமாக நீட்டுகிறது. சிவப்பு நிறமுள்ள, வயதான, நீள்வட்டக் கேலக்ஸிகளில் இந்தச் சாய்வு நன்றாகத் தெரிகிறது. அவை அடர்ந்த பகுதியைப் பார்த்து நிற்கின்றன.

நம்ம பால்வெளி மாதிரி நீலமான, சுருள் வடிவக் கேலக்ஸிகளின் கதை வேறு. அவற்றின் தோற்றத்தைத் தீர்மானிப்பது சுழற்சி அச்சு. அந்த அச்சிலும் சுற்றுப்புறத்தின் பாதிப்பு இருக்கலாம் என்று கோட்பாடு சொல்கிறது. ஆனால் தேடிப் பார்த்தவர்களுக்கு இதுவரை ஏறக்குறைய பூஜ்யம்தான் கிடைத்திருக்கிறது. கணிப்பொறியில் பிரபஞ்சத்தையே உருவாக்கிப் பார்க்கிறவர்களும் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அனந்த் தென்னேட்டியும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஓர் உருவகப்படுத்தலில், விண்மீன்களின் நீள் திசையும் அவற்றைச் சூழ்ந்த கரும்பொருளின் நீள் திசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார்கள். சிறிய கேலக்ஸிகளில் இரண்டுக்கும் இடையே சராசரியாக 30 டிகிரி விலகல், மிகப் பெரியவற்றில் 10 டிகிரிதான். அதாவது பெருசுகள்தான் சொல்பேச்சு கேட்கின்றன.

சரி, பிறவிச் சாய்வு இருக்கிறது. அதனால் கணக்கு எப்படிக் கெடும்? இரண்டு விதமாக. முதல் விதம் எளிது. பக்கத்துப் பக்கத்தில் பிறந்த இரண்டு கேலக்ஸிகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன, நாம் அதை வில்லை விளைவு என்று எண்ணிவிடுகிறோம். குளத்தோரம் வரிசையாக நிற்கும் எட்டு மரத்தைப் பார்த்து "ஆகா, என்ன காற்று!" என்று சொல்கிற மாதிரி. இதற்கு மருந்தும் எளிது. உண்மையிலேயே பக்கத்தில் உள்ள ஜோடிகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். வானத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் ஒன்று கிட்டவும் ஒன்று எட்டவும் இருக்கிற ஜோடிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவை சேர்ந்து பிறந்தவை இல்லையே!

கொஞ்ச காலம் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். 2004-இல் கிறிஸ்டோபர் ஹிராட்டா, உரோஷ் செல்யாக் என்ற இருவர் அந்த நிம்மதியைக் கெடுத்தார்கள். கிட்டவும் எட்டவும் இருக்கிற ஜோடியிலும் பிரச்சினை இருக்கிறது, அது இன்னும் மோசமானது என்று காட்டினார்கள். இந்த இடம்தான் இன்றைக்குக் கொஞ்சம் நின்று போக வேண்டிய இடம்.

மறுபடியும் தோப்புக்கு வாங்க. ஒரு குளம். கரையில் ஒரு மரம். திறந்த வெளிச்சம் தண்ணீர்ப் பக்கம்தான், அதனால் அது சின்னதிலிருந்தே தண்ணீரை நோக்கிச் சாய்ந்து வளர்ந்திருக்கிறது. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு மரம். அதற்கும் குளத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை, நேராகத்தான் வளர்ந்தது. ஆனால் புயல் அடிக்கும்போது, குளத்தின் மேல் தடுக்க ஒன்றும் இல்லாததால் காற்று முழு வேகத்தில் வந்து அந்த உள்மரத்தைத் தள்ளுகிறது. எந்தப் பக்கம்? தண்ணீரை விட்டு விலகி. ஆக, கரைமரம் குளத்தைப் பார்க்கிறது, உள்மரம் குளத்துக்கு முதுகு காட்டுகிறது. இரண்டும் எதிரெதிர். ஆனால் காரணம் ஒன்றே, அந்தக் குளம்.

வானத்தில் குளத்தின் இடத்தில் ஒரு கரும்பொருள் குவியல். அதன் பக்கத்தில் உள்ள கேலக்ஸி பிறவிச் சாய்வால் குவியலை நோக்கி நீண்டிருக்கும். அதற்கும் பல நூறு கோடி ஒளியாண்டு பின்னால் உள்ள இன்னொரு கேலக்ஸியின் ஒளி அதே குவியலைக் கடந்து வருகிறது, வில்லை விளைவால் அதன் உருவம் குவியலைச் சுற்றி வட்டம் போடுகிற திசையில் நீளும். ஒன்று குவியலைப் பார்த்து, இன்னொன்று அதற்குக் குறுக்கே. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நீங்கள் அளக்கும் சமிக்ஞை உண்மையைவிடக் குறைவாக வரும். இதைத் தூக்கி எறியவும் முடியாது. ஏனென்றால் கிட்டவும் எட்டவும் இருக்கிற ஜோடிகளில்தான் இது ஒளிந்திருக்கிறது, நமக்கு வேண்டிய சமிக்ஞையும் அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு கெடும் என்று கேட்டால், எந்தக் கேலக்ஸிகளை எடுக்கிறீர்கள், எவ்வளவு ஆழமாகப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து சில சதவிகிதம் முதல் பத்து சதவிகிதம் வரை. இதென்ன பெரிய விஷயமா என்று தோன்றலாம். பெரிய விஷயம்தான், ஏனென்று சொல்கிறேன்.

எஸ்-8 என்று ஒரு எண் இருக்கிறது. பிரபஞ்சத்தில் பொருள் எவ்வளவு கட்டி கட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். உப்புமா உதிரியாக இருக்கிறதா, கட்டி தட்டியிருக்கிறதா என்கிற மாதிரி. இதை இரண்டு வழியில் கண்டுபிடிக்கலாம். ஒன்று, பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவ ஒளியைப் பிளாங்க் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, அந்தக் குழந்தை வளர்ந்தால் இப்படி இருக்கும் என்று கணக்குப் போடுவது. அதில் வந்தது 0.83. இன்னொன்று, வளர்ந்த பிரபஞ்சத்தையே மென் வில்லை விளைவால் நேரே அளப்பது. கிட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கிலோ டிகிரி சர்வே 2020-இல் வெளியிட்ட முடிவில் வந்தது 0.76. அமெரிக்கக் குழுவினரின் டார்க் எனர்ஜி சர்வேயும், ஜப்பானின் சுபாரு தொலைநோக்கியில் நடந்த ஹைப்பர் சுப்ரீம்-கேம் சர்வேயும்கூட 0.76, 0.77 என்றுதான் சொல்லின. இந்த ஜப்பானிய சர்வேயில் புனே ஐயூக்கா நிறுவனத்தின் சுர்ஹுத் மோரேக்கும் பங்கு உண்டு.

0.83-க்கும் 0.76-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? குழந்தைப் படத்தை வைத்துப் போட்ட கணக்கைவிடப் பிரபஞ்சம் குறைவாகக் கட்டி தட்டியிருக்கிறது என்று அர்த்தம். அது உண்மையானால் நம்ம இயற்பியலில் எங்கோ ஓட்டை. கரும்பொருள் நாம் நினைத்த மாதிரி இல்லை, அல்லது ஈர்ப்பு விதியே பெரிய தூரங்களில் வேறு மாதிரி. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. நானும் இந்த நிகழ்ச்சியிலேயே ஒரு பழைய எபிசோடில், "புது இயற்பியல் கதவைத் தட்டுகிறது" என்று உற்சாகமாகப் பேசியிருக்கிறேன். தேடிப் போய்க் கேட்காதீங்க.

ஏனென்றால், இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்க. பிறவிச் சாய்வின் இரண்டாவது விதம் சமிக்ஞையைக் குறைக்கும் என்று சொன்னேன். அதைச் சரியாகக் கழிக்காவிட்டால் எஸ்-8 எந்தப் பக்கம் தவறும்? குறைவாக வரும். அளந்தவர்களுக்கும் குறைவாகத்தானே வந்தது! சந்தேகம் வரத்தானே செய்யும்?

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தக் குழுக்கள் இதை மறந்துவிடவில்லை. எல்லாரும் பிறவிச் சாய்வுக்கு ஒரு மாதிரிக் கணக்கு வைத்திருந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு மாதிரி. கிட்ஸ் குழு எளிமையான ஒன்றை வைத்திருந்தது, அதில் சாய்வின் பலத்துக்கு ஒரே ஓர் எண். டார்க் எனர்ஜி சர்வே வைத்திருந்தது சிக்கலானது, அதில் நீலக் கேலக்ஸிகளின் சுழற்சி சார்ந்த சாய்வுக்கும் இடம் இருந்தது. 2023-இல் இரண்டு குழுக்களும் உட்கார்ந்து, இரண்டு தரவையும் சேர்த்து, ஒரே முறையில் அலசினார்கள். வந்தது 0.79. பிளாங்க்குடன் இருந்த சண்டை கணிசமாகத் தணிந்தது. சாய்வுக்கு எந்த மாதிரியை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை நகர்கிறது என்பதும் வெட்டவெளிச்சமானது.

2025 மார்ச்சில் கிட்ஸ் குழு தன் கடைசித் தரவு முழுவதையும் வைத்து முடிவு வெளியிட்டது. எஸ்-8 0.815. பிளாங்க் சொன்னதோடு ஒத்துப்போகிறது. சண்டை, அந்தக் குழுவைப் பொறுத்தவரை, முடிந்தது.

இங்கே நான் கதையை எனக்கு வசதியாக வளைத்துவிடக் கூடாது. இந்த மாற்றத்துக்கு முழுக் காரணம் பிறவிச் சாய்வு இல்லை. கேலக்ஸிகள் எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதை முன்பைவிடச் சரியாக அளந்ததுதான் பெரிய காரணம், கூடுதல் வானப் பரப்பும் சேர்ந்துகொண்டது. ஆனால் தூரக் கணக்கும் சாய்வுக் கணக்கும் அண்ணன் தம்பி மாதிரி. எது கிட்ட, எது எட்ட என்று தெரிந்தால்தான் எந்த ஜோடியில் எந்த விதமான சாய்வு என்று பிரிக்க முடியும். இந்தப் பல கோடிக் கேலக்ஸிகளின் தூரத்தை நிறத்தை வைத்து ஊகிக்கிறார்கள், அதில் தப்பு வரும். அந்தத் தப்பு எங்கே போய் ஒளிந்துகொள்ளும் தெரியுமா? சாய்வின் பலத்தைச் சொல்லும் அந்த ஒரு எண்ணில். கணக்கு நோட்டில் "இதர செலவு" என்று ஒரு வரி இருக்கும் இல்லையா, இடிக்கிறதையெல்லாம் அதில் தள்ளுவோமே, அந்த மாதிரி. அதனால்தான் புது முடிவில் அந்த எண்ணை இஷ்டத்துக்கு விடாமல் கட்டிப்போட்டார்கள். சிவப்புக் கேலக்ஸிகளுக்கு மட்டும் சாய்வு, அதுவும் அவை அமர்ந்திருக்கும் கரும்பொருளின் நிறைக்கு ஏற்றபடி, நீலத்துக்குச் சாய்வு இல்லை என்று வைத்தார்கள்.

நிறையைப் பொறுத்துச் சாய்வு கூடும் என்று எப்படித் தெரியும்? நேரடியாக அளந்தவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் சுக்தீப் சிங், ரேச்சல் மண்டல்பாம், நான் முன்பு சொன்ன சுர்ஹுத் மோரே மூவரும் ஸ்லோன் சர்வேயின் பிரகாசமான சிவப்புக் கேலக்ஸிகளை எடுத்து அலசினார்கள். இவற்றின் தூரம் ஊகம் இல்லை, நிறமாலை எடுத்து அளந்தது. அதனால் எது உண்மையில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். பிரகாசம் கூடக் கூட, நிறை கூடக் கூட, சாய்வும் பலமாகிறது என்று வந்தது. தோப்பில் காற்றே இல்லாத நாளில் போய் எந்த மரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்கிற வேலை இது. புயலுக்கு முன்னாலேயே யாராவது அப்படிக் குறித்து வைத்திருந்தால் கணக்கெடுக்க வந்தவருக்கு அரை மணி நேரம் மிச்சம்.

இப்போது பெரியப்பா கதைக்கு வருகிறேன். அந்தத் தம்பி முதலில் வேரைப் பார்த்தார். புதிதாகச் சாய்ந்த மரத்தின் அடியில் காற்று வந்த பக்கம் மண் பிளந்திருக்கும். சில மரங்களில் அது தெளிவாக இருந்தது, சிலவற்றில் மழை மண்ணை மூடிவிட்டது. அப்போது பெரியப்பா சொன்னார்: "அடியப் பாக்காத தம்பி, மரத்த மேல வரைக்கும் பாரு." பல வருஷமாகச் சாய்ந்து வளர்ந்த தென்னை, உச்சிக்குப் போகப் போக நிமிர்ந்துவிடும். அடிமரம் சாய்ந்திருக்கும், குருத்து வானத்தைப் பார்க்கும், நடுவில் வில் மாதிரி ஒரு வளைவு. புயலில் சாய்ந்த மரத்தில் அந்த வளைவு இருக்காது. அடி எவ்வளவு சாய்வோ உச்சியும் அவ்வளவே. கம்பைச் சாய்த்து வைத்த மாதிரி. காற்று மரத்தை மொத்தமாகத் தள்ளும், வளர்ச்சி பகுதி பகுதியாகச் சாய்க்கும்.

சில வருஷம் கழித்து ஒரு கட்டுரை படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். சிங், மண்டல்பாம் இருவரும் 2016-இல் எழுதியது. அதே சிவப்புக் கேலக்ஸிகள், ஆனால் வடிவத்தை வேறு வேறு முறைகளில் அளந்து பார்த்திருந்தார்கள். ஒரு முறை கேலக்ஸியின் பிரகாசமான உட்பகுதிக்கு அதிக மதிப்புக் கொடுக்கும், இன்னொரு முறை மங்கலான வெளிப்பகுதிக்கு. வெளிப்பகுதியை வைத்து அளந்தால் பிறவிச் சாய்வு அதிகமாக வருகிறது! சுற்றுப்புறத்தின் இழுப்புக்கு வெளிப்பகுதி அதிகமாக இணங்கியிருக்கிறது. ஆனால் வில்லை விளைவு? அது உள்ளே வெளியே பார்ப்பதில்லை. வரும் வழியில் மொத்த உருவத்தையும் ஒரே மாதிரி இழுக்கிறது. அப்படியானால் ஒரே கேலக்ஸியை இரண்டு முறையில் அளந்து கழித்தால் வில்லை விளைவு அடிபட்டுப் போகும், மிஞ்சுவது பிறவிச் சாய்வின் தடயம் மட்டும். இதை ஒரு முறையாகவே ஆக்கலாமா என்று பிறகு சிலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். மங்கலான கேலக்ஸிகளில் வெளிப்பகுதியை அளப்பது எளிதல்ல. நடைமுறையில் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பாதிக் காரணம் பெரியப்பாதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இடையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்கிறீர்கள். இதையெல்லாம் நம்ம காவலூரில் செய்ய முடியாதா? ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். நல்ல தொலைநோக்கி, ஆனால் இந்த வேலைக்கு ஒரே பார்வையில் அகலமான வானம் வேண்டும், மங்கலான கேலக்ஸிகள் கோடிக்கணக்கில் வேண்டும், காற்று மண்டலம் அசையாமல் இருக்க வேண்டும். காற்று மண்டலமும் தொலைநோக்கியும்கூட உருவத்தை இழுக்கும், அது இன்னொரு பொய்ச் சாய்வு, அதற்குத் தனி எபிசோட் வேண்டும். அதற்காகவே கட்டியதுதான் சிலியில் உள்ள வேரா ரூபின் தொலைநோக்கி, கண்ணாடி 8.4 மீட்டர். 2025 ஜூனில் முதல் படங்கள் வந்தன. 2023 ஜூலையில் விண்ணுக்குப் போன யூக்ளிட் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. இவை இரண்டும் கோடிகளைத் தாண்டி நூறு கோடிக் கணக்கில் கேலக்ஸிகளை அளக்கும்.

அதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். எண்ணிக்கை கூடினால் இரைச்சல் குறையும் என்று முதலில் சொன்னேன், சரி. ஆனால் பிறவிச் சாய்வு இரைச்சல் இல்லை. பத்து மரத்தில் தப்பாக எண்ணுகிறவர் பத்தாயிரம் மரத்திலும் அதே தப்பைத்தான் செய்வார், முன்பைவிடத் தைரியமாக. தரவு கூடக் கூட எஸ்-8-இல் பிழைவரம்பு சுருங்கும், பார்க்க அழகாக இருக்கும், சாய்வைச் சரியாகக் கழிக்காவிட்டால் அழகான தவறான விடை கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் பிறவிச் சாய்வை ஏதோ களை மாதிரிப் பேசிவிட்டேன். அதுவும் ஒரு தகவல்தானே? எங்கள் தோப்பின் மேற்கு ஓரத்தில் ஒரு வரிசை, பத்துப் பன்னிரண்டு கிழட்டு மரங்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அந்தப் பக்கம் தண்ணீரே கிடையாது, கருவேலங்காடு. சின்ன வயதில் காரணம் கேட்டிருக்கிறேன். அங்கே முன்பு ஒரு வாய்க்கால் ஓடியது, தூர்ந்துபோய்விட்டது என்றார் பெரியப்பா. வாய்க்கால் போய்விட்டது, மரங்களின் சாய்வு மட்டும் அது ஓடிய தடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கேலக்ஸிகளின் பிறவிச் சாய்வையும் இப்படிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவை பிறந்த காலத்தில் சுற்றி என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள. அந்த வரிசையில் கஜாவுக்குப் பிறகு நான்கு மரம்தான் மிச்சம்.

குளத்தங்கரை மரங்களில் மூன்று கணக்கில் ஏறின. பெரியப்பா சொன்ன அதே மூன்று. அவற்றில் ஒன்றை வெட்டாமல் விட்டு வைத்தார். போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், குருத்து நிமிர ஆரம்பித்து, நடுவில் லேசாக வளைவு விழுந்திருக்கிறது. இன்னும் பத்து வருஷம் கழித்து யாராவது வந்து பார்த்தால் அதையும் பிறவிச் சாய்வு என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த எபிசோடில், நிறத்தை மட்டும் வைத்து ஒரு கேலக்ஸியின் தூரத்தை எப்படி ஊகிக்கிறார்கள், அதில் எங்கே வழுக்குகிறது என்று பார்ப்போம். கேள்விகள் இருந்தால் அனுப்புங்க.